நான்கு விரல் வெயில்

மகனுக்குக் கல்யாணம். மாடியில் ஓர் அறை வேண்டும்.
கல் வந்து இறங்கிவிட்டது, சுண்ணாம்பு ஊறிவிட்டது,
பூச்சை அடித்துச் சொரசொரப்பாக்க
பேரீச்சங்குலைக் காம்புகளைக் கொத்தனார்
தண்ணீரில் போட்டு வைத்திருந்தார்.
(எங்கள் சுவர்கள் வழவழப்பாக இருப்பதில்லை.
ஒவ்வொரு பொருக்கும் தன் கீழே
மிளகளவு நிழல் வைத்திருக்கும்.)

அப்போதுதான் வடக்கு வீட்டு ஷாஷா
அமீன்களுக்குச் சொல்லி அனுப்பினாள்.

எம்சாப் பள்ளத்தாக்கில் வீடு உன்னுடையது,
அதன் நிழலுக்கு ஊரைக் கேட்க வேண்டும்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள்.
டிசம்பரில் இங்கே வந்து பாருங்கள்.
கிணற்றுக் கயிறு விறைத்துக் கிடக்கும் காலையில்
முற்றத்தில் விழும் ஒரு பாய் அகல வெயிலுக்கு
ஈரக் கம்பளியும் குழந்தையும் பூனையும்
முறை வைத்துக் காத்திருக்கும்.

ஆண்டின் மிகக் குட்டையான பகலில் வந்தார்கள்,
பாஹ்மெத்தும் இன்னொருவரும்.
வாசலில் மூன்று தரம் கனைத்தார்கள்.
பெண்கள் நாங்கள் மாடியை விட்டு இறங்கினோம்.
இன்னும் எழும்பாத சுவருக்குப் பதில்
இரண்டு ஈச்சங்கழி, நடுவே ஒரு கோரைப்பாய்.
அதன் நிழல் ஷாஷாவின் முற்றத்துக்குள்
அழைக்காத விருந்தாளியாய் இறங்கி
தறிக்கட்டையின் மேல் ஏறி உட்கார்ந்தது.

உச்சிப்பொழுது. சுண்ணாம்புத்தூளால் கோடு.
பாஹ்மெத் குனிந்து விரல் வைத்தார். நான்கு.
"இந்த மாதத்தில் ஒரு சாண் சுவர்
ஒன்றரைச் சாண் நிழல் போடும்.
ஒரு வரிசைக் கல்லைக் குறையுங்கள்."

நான்கு விரலுக்காகவா?
என் மகன் தலைகுனிந்தேவா குடித்தனம் நடத்துவான்?

கதவிடுக்கு வழியாகச் சொன்னேன்:
"குறைக்கிறேன். ஆனால்
போன ஜூனில் அவள் சுவரில் மாட்டிய பெட்டியைப் பாருங்கள்.
உள்ளே அவள் மகன் போர்வை போர்த்தித் தூங்குகிறான்.
வேண்டாமென்று அவன் வெளியே தள்ளும் சூடு
என் மாடியில் வந்து படுக்கிறது,
கோடையில் நாங்கள் படுக்கும் மாடியில்.
நிழலை அளந்தீர்களே, இதையும் அளங்கள்."

கயிற்றைப் பார்த்தார். பதிவேட்டைப் புரட்டினார்.
புகைக்கு விதி உண்டு. சாண நாற்றத்துக்கு உண்டு.
கழுதை கட்டும் சுவருக்கு,
விடியுமுன் அரைக்கும் திரிகைக்கு உண்டு.
ஒருவன் கழற்றிப் போட்ட வெக்கைக்கு
ஒரு வரியும் இல்லை.
பேனாவால் காதைச் சொறிந்தார்.
"கோடை ராத்திரியில் படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.
ஆண்பிள்ளை நான் எப்படி வருவது?
யாராவது ஒரு பெண்…"

"ஷாஷாவே வரட்டும்."

ஒரு வரிசை குறைந்தது.
மருமகள் தீதம் என்னைவிட உயரம்.
முதல் வாரமே நிலையில் இரண்டு முறை இடித்துக்கொண்டாள்.
இரண்டாவது முறை சிரிக்கவில்லை.

ஆகஸ்டில் வந்தாள் ஷாஷா,
பாயும் தலையணையும் இடுக்கிக்கொண்டு.
எங்களிடம் பேசவில்லை.
பெட்டியின் வாய்க்கு நேரே விரித்தாள், வேண்டுமென்றே.
அதன் மூச்சில் அந்தப் பக்கத்து விண்மீன்கள் நடுங்கின.
முதல் சாமத்தில் புரண்டாள்.
இரண்டாம் சாமத்தில் முக்காட்டை அவிழ்த்து விசிறிக்கொண்டாள்.
அப்புறம் இருட்டில் பாய் இழுபடும் சத்தம்.
தென்மேற்கு மூலைக்கு அவள் வந்து சேர்ந்தபோது
அங்கே ஏற்கெனவே நாங்கள் ஐந்து பேர்.

"தள்ளிப் படு," என்றாள்.

மறுவாரம் பெட்டி இடம் மாறியது.
நின்றுவிட்டதா என்று கேட்காதீர்கள்.
இப்போது அதன் வாய் சந்துப் பக்கம்.
எதிரே சுமைக்கழுதை வந்தால்
சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து,
நடுப்பகலிலும் பானைத் தண்ணீர்போல் இருந்தது.
அதில் போகிறவர்கள்
முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு
அமீன் வீடு எது என்று விசாரிக்கிறார்கள்.